என் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு வந்த மாடு

போன மாதம், இளம் கால்நடை டாக்டர்களான உங்களில் ஒருவர் எனக்குப் போன் செய்தார். பெயர் சொல்லமாட்டேன், பயப்பட வேண்டாம். வேலையில் சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகாத டாக்டரம்மா. வாலாஜாபாத் பக்கம் ஒரு பசுவுக்கு மடிநோய் கண்டிருக்கிறது. மறுநாள் அந்த மாடு ஏதோ கோயில் விசேஷத்துக்குப் போக வேண்டுமாம். "சார், ஆன்டிபயாடிக் போட்டுட்டேன். கூடவே ஒரு டெக்சா போட்டா காலையில எழுந்து நின்னுடும் இல்ல சார்?" என்று கேட்டார்.

நான் கத்திவிட்டேன். "மாடு நிக்கிறதுக்கு வைத்தியம் பண்றியா, பிழைக்கிறதுக்குப் பண்றியா?" என்று ஆரம்பித்து, வாயில் வந்ததையெல்லாம் பேசிவிட்டுப் போனை வைத்தேன். சமையலறையிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். "ஆளுக்கு ரிட்டயர்மென்ட் குடுத்தாங்க, வாய்க்குக் குடுக்காம விட்டுட்டாங்க" என்றாள். அரை மணி நேரம் கழித்து நானே அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். நான் திட்டியது அவரை இல்லை. பதினெட்டு வருடத்துக்கு முந்தைய என்னை. அது அவருக்குப் புரிய நியாயமில்லை, அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

டெக்சா ஒரு ஸ்டீராய்டு; சினை மாட்டுக்கு அதைப் போட்டால் கன்று விழுந்துவிடும் என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். கல்லூரியில் வாய்மொழித் தேர்வில் அதைக் கேட்காத வாத்தியார் கிடையாது. என் சர்வீஸில் நான் அந்தத் தப்பை ஒரு தடவைகூடச் செய்ததில்லை. 'சினையா?' என்று கேட்பேன், கேட்டதோடு விடாமல் கையை விட்டும் பார்ப்பேன். அந்த ஒரு தப்பைச் செய்யாதவனுக்கு வேறு தப்பே வராது என்று ஒரு மிதப்பு எனக்கு இருந்தது. அந்த மிதப்பு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வேலைக்கு வந்த புதிதில் கூரம் கிராமத்தில் ஒரு மாடு. மடிநோய் முற்றி, காய்ச்சலில் படுத்துவிட்டது. வீட்டுக்காரர் பாதி நம்பிக்கை இழந்துவிட்டார். ஆன்டிபயாடிக், குளுக்கோஸ், கடைசியில் டெக்சா. மறுநாள் காலையில் போனால் அந்த மாடு எழுந்து நின்று பக்கத்து வீட்டு வைக்கோல் போரை இழுத்துக்கொண்டிருக்கிறது! அந்த மனிதர் என் காலில் விழ வந்தார். "டாக்டரு கைராசிக்காரரு" என்று ஊர் முழுக்கப் பேச்சாகிவிட்டது. அந்த வயதில் அது எப்பேர்ப்பட்ட போதை தெரியுமா? நான் அங்கே ஐந்து நாள் காலையும் மாலையும் போனதை ஊர் மறந்துவிட்டது. அந்த வீட்டுப் பெண்கள் முறை வைத்து இரண்டு மணிக்கு ஒரு தரம் கெட்ட பாலைக் கறந்து கீழே கொட்டியதையும் மறந்துவிட்டது. பேரெல்லாம் அந்தக் குட்டி ஊசி மருந்துக்குப் போய்விட்டது. கொஞ்ச நாளில் நானும் அப்படித்தான் நினைக்க ஆரம்பித்தேன்.

அது நல்ல மருந்துதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. வீக்கம் வாங்கும், காய்ச்சல் இறங்கும், வலி குறையும், மாடு தீனி எடுக்கும். ஆனால் கிருமியோடு சண்டை போடுகிற உடம்பின் கையையும் சேர்த்துக் கட்டிவிடும். அழுகிற குழந்தையின் வாயைப் பொத்தினால் வீடு அமைதியாகிவிடும், குழந்தையின் வயிற்றுவலி போகாது. பொத்தினவர் பக்கத்திலேயே உட்கார்ந்து வயிற்றையும் கவனிக்க வேண்டும்.

இப்போது மாட்டுக்கு வருகிறேன்.

வள்ளியம்மாள் பிள்ளையார்பாளையத்துக்காரர். வீட்டுக்காரர் பட்டு நெய்கிறவர். முன்கட்டு முழுக்கத் தறி, பின்கட்டில் தகரக் கொட்டகை, கொட்டகையில் இரண்டு பசு. அதில் ஒன்றுக்கு மகாலட்சுமி என்று பெயர், கூப்பிடுவது மகா. செவலை நிறம், நெற்றியில் வெள்ளை. அந்த மாட்டுக்கு ஊரில் ஒரு தனி மரியாதை உண்டு. கிரகப்பிரவேசம் என்றால் புது வீட்டுக்குள் முதலில் கன்றோடு பசு நுழைய வேண்டும் இல்லையா? இப்போதெல்லாம் எந்த வீட்டிலும் வழவழவென்று டைல்ஸ். முக்கால்வாசி மாடுகள் வாசற்படியிலேயே மிரண்டுவிடும், இல்லையென்றால் உள்ளே வந்து வழுக்கி விழும். மகா அப்படி இல்லை. சாக்கு விரித்தால் அதன்மேல் பதவிசாக நடந்து வந்து, நடுக்கூடத்தில் நின்று, கற்பூரப் புகையை மூஞ்சிக்கு நேரே காட்டினாலும் அசையாது. கூடத்தில் சாணி போட்டுவிட்டால் வீட்டார் இன்னும் சந்தோஷப்படுவார்கள். முகூர்த்த மாதம் வந்தால் வள்ளியம்மாளுக்குப் போன் ஓயாது. கறக்கிற பாலும் மகா போய்வருகிற விசேஷமும்தான் அந்த வீட்டின் நிச்சயமான வரும்படி. தறி நிற்கிற மாதத்தில் மாடு நிற்காது என்பார் அவர் வீட்டுக்காரர்.

நான் அப்போது ஓரிக்கையில் வீடு கட்டி முடித்திருந்தேன். இருபது வருடம் வாடகை வீட்டில் இருந்தவன். கிரகப்பிரவேசத்துக்கு மகாதான் வர வேண்டும் என்று மூன்று மாதம் முன்பே என் மனைவி வள்ளியம்மாளிடம் சொல்லி வைத்துவிட்டாள். அதற்கேற்ற மாதிரி மகாவும் கன்று போட்டு இருபது நாள் ஆகியிருந்தது. கிடாரிக் கன்று. "நம்ம வீட்டு நேரத்த பாருங்க" என்று என் மனைவி பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிப் பூரித்துப்போனாள்.

கிரகப்பிரவேசத்துக்கு முதல் நாள் மத்தியானம் வள்ளியம்மாளிடமிருந்து போன். மாடு தீனி எடுக்கவில்லை, பின்னங்காலை அகட்டிக்கொண்டு நிற்கிறது. சமையல்காரரிடம் காய்கறிக் கணக்குப் பேசிக்கொண்டிருந்த நான் அப்படியே கிளம்பினேன். மருந்தகத்திலிருந்து காதர் பாயையும் வரச் சொன்னேன். காதர் பாய் என் கால்நடை உதவியாளர். பதவியில் எனக்குக் கீழே, சர்வீஸில் எனக்கு மேலே. நான் கல்லூரியில் சேர்வதற்கு முன்பே அவர் மாடு பிடிக்க ஆரம்பித்துவிட்டார்.

காய்ச்சல் நூற்றைந்தைத் தாண்டியிருந்தது. வலது பின்பக்க மடி சிவந்து, தொட்டால் சுட்டது. காம்பைப் பிழிந்தால் பால் இல்லை, மஞ்சள் தண்ணீரும் திரிதிரியாகக் கட்டியும்.

"நேத்து சாயந்தரம் கூட நல்லாத்தான் கறந்துச்சி சார்" என்றார் வள்ளியம்மாள். "காலையில கைய வெக்க வுடல. உதைக்குது. தவிடு வெச்சா மூஞ்சியத் திருப்பிக்கினு நிக்குது."

முடிந்த மட்டும் கறந்து கொட்டினோம். ஆன்டிபயாடிக் போட்டேன், காம்பு வழியாகவும் மருந்து ஏற்றினேன், கழுத்தில் பாட்டில் ஏற்றினோம். அதுவரை என் கை டாக்டர் கையாகத்தான் இருந்தது.

"நாளைக்கு…" என்று வள்ளியம்மாள் இழுத்தார். "நாளைக்கு உங்க வூட்டுக்கு சொல்லி இருக்குது. இன்னா சார் பண்றது?"

அவர் எனக்கு வழி விட்டார். நாளைக்கு இந்த மாடு எங்கேயும் போகக்கூடாது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். வேறு யார் வீட்டு விசேஷமாக இருந்தாலும் சொல்லியிருப்பேன், சொல்லியும் இருக்கிறேன். ஒரு தடவை ஒரு கவுன்சிலர் வீட்டுக்குப் போகவிருந்த மாட்டையே நிறுத்தி, அந்த ஆளோடு நடுத்தெருவில் சண்டை போட்டவன் நான். அன்றைக்கு மட்டும் வாய் வரவில்லை.

ஏன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். அந்த முகூர்த்த நாளில் ஊரில் பத்து வீட்டில் கிரகப்பிரவேசம், சாதுவான மாடு வேறு கிடைக்காது என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது வெறும் சாக்கு. தேடியிருந்தால் கிடைத்திருக்கும். கிடைக்காவிட்டால் சின்ன வெள்ளிப் பசுவை வைத்துப் பூஜையை முடித்திருப்பார் சாஸ்திரிகள். உண்மை வேறு. மேலதிகாரிகள் வருகிறார்கள், கூடப் படித்தவர்கள் வருகிறார்கள். மாட்டு டாக்டர் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு மாடு வரவில்லை, மாட்டுக்கு உடம்பு சரியில்லையாம் என்று சிரிப்பார்களே என்று இருந்தது. அவ்வளவு அற்பமான காரணம். எழுதுகிறபோதே கூசுகிறது.

"காலையில எழுந்து ஜம்முனு நிக்கும், கவலப்படாத" என்று வள்ளியம்மாளிடம் சொல்லிவிட்டு, காதர் பாயிடம் டெக்சா எடுக்கச் சொன்னேன்.

பாய் எடுக்கவில்லை. பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார். "சார், இன்னிக்கு இத்தோட வுட்டுடலாம் சார். ரெண்டு மணிக்கு ஒரு தபா கறந்து வுடச் சொல்லுவோம். டெக்சா போட்டா காய்ச்ச எறங்கிடும், நல்லாயிடுச்சுன்னு நெனச்சி வண்டில ஏத்திடுவாங்க. மாடு தாங்காது சார்."

"பாய், டாக்டர் நீங்களா, நானா?"

வள்ளியம்மாள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கேட்டேன். பாய் ஒரு விநாடி என் முகத்தைப் பார்த்தார். "மாஃப் பண்ணுங்க சார்" என்று சொல்லிவிட்டு, மருந்தை ஏற்றி சிரிஞ்சை என் கையில் கொடுத்தார். அதற்குப் பிறகு எட்டு வருடம் என்னோடு வேலை பார்த்தார். ஒருநாளும், ஒரு பேச்சுக்குக்கூட, அன்றைக்கு நான் சொன்னேனே என்று அவர் கேட்டதில்லை. கேட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அந்த மாட்டுக்கு அந்த மருந்து போடலாமா கூடாதா என்று இன்றைக்கும் நான்கு டாக்டர்கள் நான்கு விதமாகச் சொல்வார்கள். ஆரம்பத்திலேயே ஒரே ஒரு தடவை போடுவதில் தப்பில்லை என்பவர்களும் உண்டு. அவர்களோடு நான் வாதம் செய்ய வரவில்லை. போட்டுவிட்டு மாட்டை அசையாமல் கொட்டகையில் வைத்து, கறந்து கறந்து கொட்டி, கூடவே இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. நான் அந்த ஊசியை மகாவுக்காகப் போடவில்லை, எனக்காகப் போட்டேன். அங்கேதான் எல்லாம் கெட்டது.

சாயந்தரம் ஆறு மணிக்கு வள்ளியம்மாளுக்குப் போன் செய்தேன். வீடு முழுக்க உறவுக்காரர்கள், வாழைமரம் கட்டுகிற சத்தம், மேளக்காரர் வேறு ஒரு பக்கம். "தீனி எடுத்துச்சா?" என்றேன். எடுத்தது என்றார். "அசை போடுதா?" போடுகிறது என்றார். "அப்ப சரி, வண்டி விடிகாலம் நாலு மணிக்கு வந்துடும், கன்னுக்குட்டியையும் ஏத்திக்கோ" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மகா வந்தது. விடியற்காலையில் சின்ன வண்டியிலிருந்து இறங்கி, மாவிலைத் தோரணத்துக்குக் கீழே தலையை லேசாகத் தாழ்த்திக்கொண்டு படி ஏறியது. கொம்புக்கு மஞ்சள், நெற்றியில் குங்குமம், கழுத்தில் சாமந்தி மாலை. முதுகில் ஒரு பட்டுத் துணி. அகத்திக்கீரையும் வாழைப்பழமும் கொடுத்தார்கள், கொஞ்சம் தின்றது. "டாக்டர் வீட்டுக்கு வர்ற மாடுன்னா சும்மாவா, எப்படி நிக்குது பார்!" என்று என் மேலதிகாரி சொன்னார். நான் சிரித்தேன்.

அதற்கு நடுவில் ஒன்று நடந்தது. இதை நான் சொல்லாமல் விட்டிருக்கலாம், யாருக்கும் தெரியாது. புது அடுப்பில் பால் காய்ச்ச வேண்டும். அந்த மாட்டின் பாலையே கறந்து காய்ச்சினால் விசேஷம் என்று என் மாமியார் சொன்னார். என் மனைவி சொம்பை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். நான் அவள் கையைப் பிடித்து ஓரமாக இழுத்து, "அந்தப் பால் வேண்டாம். ஊசி போட்டிருக்கு. ஃப்ரிட்ஜில பாக்கெட் பால் இருக்கு, அத ஊத்து" என்று காதில் சொன்னேன். அவளும் யாருக்கும் தெரியாமல் பாக்கெட்டைக் கத்தரித்து ஊற்றினாள். பால் பொங்கியது, எல்லோரும் கைதட்டினார்கள். என் வீட்டு அடுப்பில் ஏறத் தகுதியில்லாத பால் அது என்று எனக்கு அவ்வளவு தெளிவாகத் தெரிந்திருந்தது. அந்தப் பால் இருக்கிற மடியோடு ஒரு மாட்டை நான்கு மணிக்கு வண்டியில் ஏற்றலாமா என்று மட்டும் தெரியவில்லை!

பூஜை முடிந்தும் மகா போகவில்லை. பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ள ஒவ்வொரு குடும்பமாக வந்தது. கன்றைக் குழந்தைகள் விடவில்லை. வள்ளியம்மாள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓரமாகவே நின்றார். சாப்பிடக் கூப்பிட்டதற்கு "அப்பறமா சாப்புடறேன்மா" என்றார். அவர் ஒரு தடவை மாட்டின் பக்கத்தில் குனிந்து மடிக்குக் கீழே கையை வைத்ததை நான் கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து பார்த்தேன். யாரோ என் தோளைத் தட்டி வாழ்த்துச் சொன்னார்கள், திரும்பிவிட்டேன். மாடு வண்டி ஏறும்போது பத்தரை ஆகியிருந்தது. நாலு மணியிலிருந்து பத்தரை வரை ஒருவரும் அந்த மடியைக் கறக்கவில்லை.

அன்று சாயந்தரம் நான் போகவில்லை. மறுநாள் காலையும் போகவில்லை. ஊருக்குத் திரும்புகிற சொந்தக்காரர்களுக்குத் தாம்பூலம் கொடுத்து வழியனுப்பிக்கொண்டிருந்தேன். மத்தியானம் காதர் பாய்தான் போன் செய்தார். அவராகவே மாட்டைப் பார்க்கப் போயிருக்கிறார்.

"சார், ஜல்தி வாங்க. மடி குளுந்துபோச்சி."

நம் தொழிலில் இருப்பவருக்கு இந்த இரண்டு வார்த்தை போதும். சூடான மடி என்றால் உள்ளே இன்னும் சண்டை நடக்கிறது. குளிர்ந்த மடி என்றால் சண்டை முடிந்துவிட்டது. நான் போனபோது மகா படுத்திருந்தது. வலது பின்பக்கம் நீலம் பாரித்துக் கிடந்தது, தொட்டால் ஈரத்துணி மாதிரி ஜில்லென்று இருந்தது. காது குளிர்ந்திருந்தது. விஷம் உடம்பு முழுக்க ஏறிவிட்டது. எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் செய்தேன். வாலாஜாபாத்தில் இருந்த என் வகுப்பு நண்பனையும் வரவழைத்தேன். மாட்டை அவன் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "என்னடா, முந்தாநாளே என்னைக் கூப்பிட்டிருக்கலாமே" என்றான். அவனைக் கூப்பிட்டிருந்தால் அவன் என்ன செய்திருப்பான் என்று அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டு நாள் பாட்டில் மேல் பாட்டிலாக ஏற்றினோம். மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு மகா போய்விட்டது. கன்று கொட்டகையின் மறுகோடியில் கட்டியிருந்தது, கத்திக்கொண்டே இருந்தது.

நான் அழுதேன். அதற்கு முன்பு எத்தனையோ மாடு என் கண்ணெதிரே போயிருக்கிறது, அழுததில்லை. தெருவே கூடிவிட்டது. தறிச் சத்தம் நின்று பக்கத்து வீட்டுக்காரர்களெல்லாம் வந்து நின்றார்கள். டாக்டரே அழுகிறாரே என்று அவர்களுக்கு ஆச்சரியம். அப்போது வள்ளியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"வுடுங்க சார். அத்தினி பேர் கண்ணு. புது வூட்டுக்கு வர்ற கெட்டத அது வாங்கிக்கினு பூடுச்சி. உங்க வூட்டுக்கு ஒண்ணும் வராது, நீங்க நல்லா இருப்பீங்க."

கூட்டம் உச்சுக்கொட்டியது. ஆமாம், ஆமாம், பசு அப்படித்தான், தான் வாங்கிக்கொண்டு வீட்டைக் காப்பாற்றும் என்று நான்கு பேர் சொன்னார்கள். காதர் பாய் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்திருக்க வேண்டிய இடம் அது. கண்ணும் இல்லை, காத்தும் இல்லை, நான்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இதைத்தான் நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். தப்பான நேரத்தில் ஊசி போடாத டாக்டர் உலகத்தில் இல்லை. எனக்குச் சாதகமாக ஒரு காரணத்தை இன்னொருவர் நீட்டியபோது அதை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேனே, அது எனக்கு ஊசியை விட அதிகமாக வலிக்கிறது. மருந்தகப் பதிவேட்டில் 'கடுமையான மடிநோய், சிகிச்சை பலனளிக்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. படிக்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது.

என் மனைவி அந்தக் கண் கதையை அப்படியே நம்பினாள். வீட்டுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லுவாள். "எங்களுக்காக ஒரு மாடு போச்சுங்க" என்று கண் கலங்குவாள். நான் எழுந்து வெளியே போய்விடுவேன். மாட்டின் மேல் அவ்வளவு பிரியம் என்று அதற்கும் ஒரு நல்ல பெயர் எனக்கு.

வள்ளியம்மாள் அந்தக் கன்றைப் பாக்கெட் பால் ஊற்றி வளர்த்தார். பெரிதானதும் செவிலிமேட்டில் யாரிடமோ கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு எந்தக் கிரகப்பிரவேசத்துக்கும் மாடு அனுப்பவில்லை. மிச்சமிருந்த பசுவையும் வயதான பிறகு விட்டுவிட்டு, பிறத்தியார் தறிக்கு நூல் தார் சுற்றிக் கொடுக்க ஆரம்பித்தார். அந்தப் பசு இருந்தவரை, அந்தப் பக்கம் போகிறபோதெல்லாம் அவர் கூப்பிடாமலே நான் போய் அதைப் பார்த்தேன், மருந்து கொடுத்தேன். நல்ல மனுஷன் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

போன மாதம் அந்த டாக்டரம்மாவைத் திட்டினேனே, அதற்கு மூன்றாம் நாள் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பிள்ளையார்பாளையம் போனேன். ரிட்டயர் ஆன பிறகு அந்தத் தெருவுக்குள் போகவே இல்லை. வள்ளியம்மாள் வாசல் பக்கம் உட்கார்ந்து ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. "வாங்க சார், எத்தினி நாளாச்சி! அம்மா நல்லா இருக்கறாங்களா?" என்று எழுந்திருக்கப் பார்த்தார். உட்காரச் சொன்னேன். உள்ளேயிருந்து தறிச் சத்தம் வந்துகொண்டிருந்தது. காபி வேண்டாம் என்றேன், போட்டே கொடுத்தார். டம்ளர் காலியாகும் வரை பிள்ளைகளைப் பற்றிப் பேசினோம். பிறகு சொல்லிவிட்டேன்.

"வள்ளிம்மா, மகா கண்ணு பட்டுச் சாகலம்மா. எந்திரிச்சு நிக்கணும்னு நான் ஒரு ஊசி போட்டேன். அதுலதான் நோய் உள்ளுக்குள்ள ஏறுனது வெளிய தெரியாமப் போச்சு. பாய் வேணாம்னு சொன்னாரு, நான் கேக்கல. படுக்க வேண்டிய மாட்ட என் வீட்டுக்கு வரவழைச்சேன். அத சாகடிச்சது நான்தாம்மா."

ராட்டை நிற்கவில்லை. அவர் நூலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"தெரியும் சார்."

சுற்றிக்கொண்டே அவர் மேலே சொன்னார்.

"அன்னிக்கு சாயந்தரம் சொரம் இல்ல, தவிடு தின்னுச்சி. ஆனா மடியில கை வெச்சா கல்லு மாதிரி இருந்துச்சி. மத்தியானத்த விட கெட்டியா. கறந்தா சொட்டு வரல. தெனம் கறக்கற கைக்குத் தெரியாதா சார்? உங்க வூட்ல கூட தொட்டுப் பார்த்தேன். அப்பவே கொஞ்சம் குளுந்துதான் இருந்துச்சி."

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"நீங்க மடியப் பத்தி கேக்கலியே. தீனி எடுத்துச்சான்னு கேட்டீங்க, வண்டி வரும்னு சொன்னீங்க. வேற வூட்டு விசேஷம்னா நானே உங்களுக்குப் போன் பண்ணி, அனுப்பலாமா வாணாமா சார்னு கேட்டிருப்பேன். இது உங்க வூடு. யார்கிட்டப் போயி கேக்கறது?"

நம் பாடம் மொத்தமும் அவர் கேட்ட அந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது. உங்களுக்கு வேண்டியிருக்கிற மாட்டுக்கு நீங்கள் வைத்தியம் பார்க்காதீர்கள், பக்கத்து ஊர் டாக்டரைக் கூப்பிடுங்கள். அந்த மாட்டுக்காரருக்குக் கேட்பதற்கு ஒரு ஆள் வேண்டும்.

பிறகு, கேட்கக்கூடாது என்று தெரிந்தே கேட்டேன். "எல்லாம் தெரிஞ்சும், கண்ணு பட்டுடுச்சுன்னு அன்னிக்கு நீதானேம்மா முதல்ல சொன்ன?"

அவர் ராட்டையை நிறுத்தி, முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தார். அதில் கோபம் இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"தெருவே பாக்கறப்ப நீங்க அழுதுக்கினு நின்னீங்க. வேற இன்னா சார் சொல்றது? புதுசா கட்டின வூடு. அதுல நீங்க குடி இருக்க வாணாமா?"

விடைபெற்று ஸ்கூட்டரை எடுத்தேன். அந்த வீட்டுக்குத்தான் வந்து சேர்ந்தேன்.